எச்.ஐ.வி. மருந்தை அடிக்கடி விட்டுவிடும் தன்பாலீர்ப்பு நண்பருக்கு எப்படித் துணை நிற்பது?

உங்கள் நண்பர் தன்பாலீர்ப்பாளர் என்பதும் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பதும் வீட்டில் யாருக்கும் தெரியாது, நீங்கள் தினமும் நினைவூட்டியும் சில நாள் மாத்திரை போடுகிறார், சில நாள் விட்டுவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சை மையத்தில் ஆலோசகராக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தகைய நிலையில் உள்ள ஆண்களிடம் மறதியைவிட, மறைக்க வேண்டிய கட்டாயம்தான் பெரும்பாலும் மருந்தைத் தடுக்கிறது. ஆகவே நினைவூட்டல் போதாது. மறைக்க வேண்டிய தேவையைக் குறைக்க வழி தேட வேண்டும்.

அறையைப் பிறரோடு பகிர்ந்துகொள்பவருக்கு மாத்திரைப் புட்டி குலுங்கும் ஓசையே அச்சம் தரும். லேபிளைக் கிழித்துவிட்டு, உள்ளே பஞ்சு திணித்து, துணிகளுக்கு அடியில் வைத்து, எல்லோரும் உறங்கிய பின் எடுக்கலாம் என்று காத்திருப்பார். அன்றைக்கென்று யாராவது விழித்திருந்தால் அந்த வேளை போயிற்று. இதை அறியாமல் "மாத்திரை போட்டாயா?" என்று ஒவ்வோர் இரவும் கேட்டால், "போட்டுவிட்டேன்" என்ற பொய்தான் பதிலாக வரும். மாறாக, "போடுவதற்கு எந்த நேரம் உனக்குச் சங்கடமில்லாமல் இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இரவில்தான் போட வேண்டும் என்ற எண்ணம் முன்பு பரவலாகத் தரப்பட்ட எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்தின் காலத்தது. அது தலைசுற்றலும் கலவரமான கனவுகளும் தந்ததால் படுக்கும் நேரத்துக்கு ஒதுக்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் முதன்மையாகப் பரிந்துரைக்கும், டோலுடெக்ராவிர் அடங்கிய கூட்டு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, பகலிலும் போடலாம். நண்பர் போடுவது எந்த மருந்து என்று மையத்தில் உறுதிசெய்துகொண்டு, வேலையிடத்தில் தனியாக இருக்கும் ஒரு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றமே பலருக்குப் பாதிச் சுமையைக் குறைத்திருக்கிறது. ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடலாம். ஈடுகட்ட இரண்டாகப் போடக் கூடாது.

சத்து மாத்திரைப் புட்டியில் கலந்து மறைத்து வைப்பவர்களும் உண்டு. அங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. வயிற்றில் இரும்பும் கால்சியமும் டோலுடெக்ராவிரோடு சேர்ந்தால் மருந்து உடலில் சரியாக ஏறாது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ மருந்தைப் போடுவது பாதுகாப்பு. சில அமில முறிவு மருந்துகளுக்கும் இது பொருந்தும். பெரிய புட்டியை அதன் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடி உங்களிடமே வைத்துக்கொண்டு, சில நாளுக்கு வேண்டியதை மட்டும் அவர் எடுத்துச் செல்வது இன்னும் நல்லது. நண்பராக நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி இதுவே என்று நினைக்கிறேன்.

தன்னால் பிறருக்குக் கேடு என்ற குற்றவுணர்ச்சியாலேயே மாத்திரையைப் பார்க்க மனமில்லாமல் தள்ளிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2019-இல் வெளிவந்த பார்ட்னர் ஆய்வின் முடிவை நான் தவறாமல் சொல்வேன். ஐரோப்பாவின் 14 நாடுகளில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 782 ஆண் இணையர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, சிகிச்சையால் இரத்தத்தில் வைரஸ் மிகக் குறைந்த அளவுக்கு அடங்கியிருந்தவரிடமிருந்து ஆணுறையில்லாத உறவிலும் இணையருக்கு ஒருமுறைகூடப் பரவவில்லை. இதைக் கேட்கும்போது சிலர் முகத்தில் தெரியும் ஆறுதலுக்காகவே இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம்.

பெண்ணை மணந்த இருபாலீர்ப்பு ஆண்களின் நிலை இன்னும் கடினம். தன்பாலீர்ப்பாளர் குழுக்களிலும் அவர்களுக்கு இடமில்லை, வீட்டிலும் பேச வழியில்லை. மனைவியிடம் சொல்லிவிடு என்று நெருக்குவதால் அப்படிப்பட்டவர் மையத்துக்கு வருவதையே நிறுத்திவிடக்கூடும். ஆனாலும் மனைவியின் உடல்நலத்தைப் பேசாமல் விடுவது நியாயமில்லை. வைரஸ் அடங்கும்வரை ஆணுறை, மனைவிக்குப் பரிசோதனை, எப்படிச் சொல்வது என்ற பயிற்சி ஆகியவற்றை ஆலோசகரோடு சேர்ந்து திட்டமிட வேண்டும்.

மையத்தில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சுபவர், நிலை சீரானதும் மூன்று முதல் ஆறு மாத மருந்தை ஒரே முறையில் பெற முடியுமா என்று கேட்கலாம். மாத்திரை விடுபடுவதற்கு மதுவும் தூக்கமின்மையும் வேறு காரணங்களாக இருக்கலாம். சாவைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் மாத்திரைக் கணக்கைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மருந்து முற்றிலும் நின்றால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் வைரஸ் மீண்டும் பெருகும். விட்டுவிட்டுப் போட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸும் உருவாகலாம். ஆகவே எத்தனை நாள் விடுபட்டது என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லி, வைரஸ் அளவைப் பார்க்கும் பரிசோதனையைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் அன்று நீங்களும் உடன் சென்று, அவர் திட்டு வாங்காமல் உண்மையைச் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.