இராயனுக்கு எவ்வளவு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பணிபுரியும் என் மகன் ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவன். சில ஆண்டுகளாகத் தன்னை ‘லிபர்டேரியன்’ என்று சொல்லிக்கொள்கிறான். வரி விதிப்பது சட்டத்தின் பெயரால் நடக்கும் திருட்டு என்கிறான். விசுவாசமுள்ள ஒருவர் இப்படி நம்பலாமா? வேதத்தில் இதற்கு ஆதாரம் உண்டா? – ஒரு வாசகர், பாளையங்கோட்டை.

பதில்: உங்கள் மகன் ஏற்றிருக்கும் கொள்கையைச் சுதந்திரவாதம் எனலாம். எவரும் பிறர் மீதோ அவர் உடைமை மீதோ முதலில் பலத்தைப் பிரயோகிக்கக் கூடாது, அரசும் இதற்கு விலக்கல்ல, ஆகவே உயிரையும் உடைமையையும் ஒப்பந்தங்களையும் காப்பதற்கு அப்பால் அரசு செய்பவை அத்துமீறல்களே என்பது அதன் சாரம். அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடையே இக்கொள்கையர் அரியவர்கள் அல்லர். 1988இல் லிபர்டேரியன் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்ற ரான் பால், டெக்சாஸிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் பல முறை தேர்வானவர், மகப்பேறு மருத்துவர், பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். அதே வேளையில், இக்கொள்கையரிடையே பெரிதும் படிக்கப்படும் எழுத்தாளர் அயன் ராண்ட் கடவுள் நம்பிக்கையை மறுத்தவர். பிறருக்காகத் தன்னை இழப்பதை நற்பண்பாகவே ஒப்பாதவர். (அவருக்கு லிபர்டேரியன்களையும் பிடிக்காது என்பது தனிக் கதை.) உங்கள் மகன் இந்த இருவரில் யாருக்கு அருகில் நிற்கிறார் என்பதை அறிந்துகொண்டால், நீங்கள் எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இனி வேத ஆதாரம். இக்கொள்கையினர் முதலில் எடுத்துக்காட்டுவது முதலாம் சாமுவேல் 8ஆம் அதிகாரம். எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று இஸ்ரவேலர் கேட்டபோது, அந்த ராஜா உங்கள் குமாரரை ரதங்களுக்கும், குமாரத்திகளைச் சமையலுக்கும் எடுத்துக்கொள்வான், நல்ல வயல்களைத் தன் ஊழியர்களுக்குக் கொடுப்பான், தானியத்தில் தசமபாகம் வாங்குவான் என்று சாமுவேல் எச்சரித்தார். பத்தில் ஒரு பங்கே கொடுமையாகத் தோன்றிய காலம் அது. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை ராஜாவான ஆகாப் பறித்த வரலாறும் அவர்கள் அடிக்கடி சொல்வதுதான். அரசனும் களவு செய்யக்கூடும், அரசன் செய்தாலும் களவு களவே என்பதை இவ்விரு பகுதிகளும் ஐயமின்றி நிறுவுகின்றன.

ஆனால், எல்லா வரியும் திருட்டு என்ற முடிவை இவற்றிலிருந்து பெற முடியாது. சாமுவேல் சொன்னது எச்சரிக்கைதான், தடை அன்று. ரோமர் 13ஆம் அதிகாரத்தில் பவுல், ‘இதற்காகவே நீங்கள் வரியையும் கொடுக்கிறீர்கள்’ என்று எழுதியபோது ஆட்சியில் இருந்தது ரோமப் பேரரசு. எவ்வகையிலும் சிறிய அரசு என்று அதை அழைக்க முடியாது. வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு, இராயனுடையதை (ரோமப் பேரரசனுடையதை) இராயனுக்குச் செலுத்துங்கள் என்று இயேசு சொன்ன மறுமொழி இராயனுடையது எவ்வளவு என்பதைச் சொல்லவில்லை என்று சுதந்திரவாதிகள் சுட்டிக்காட்டுவது உண்மையே. ஆயினும் ஒன்றுமே அவனுடையதன்று என்பதுதான் அவர் கருத்தாயின், இராயனின் உருவம் பொறித்த நாணயத்தைக் காட்டச் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. எனவே ‘இந்த வரி அநீதியானது’ என்று உங்கள் மகன் வாதிட்டால் வேதம் அவருக்குத் துணை நிற்கும். ‘வரி என்பதே அநீதி’ என்றால் நிற்காது.

கேள்வி: அப்படியானால் கிறிஸ்தவ மரபுக்கும் இந்தக் கொள்கைக்கும் உண்மையான உறவு எதுவும் இல்லையா? – ஆசிரியை, நாகர்கோவில்.

பதில்: நிச்சயமாக உண்டு, ஆனால் அது பணத்தைப் பற்றியதாக இல்லாமல் மனச்சாட்சியைப் பற்றியதாக இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 212இல் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய ஆளுநர் ஸ்காப்புலாவுக்கு எழுதிய மடலில், தன் மனம் ஏற்றபடி வழிபடுவது மனிதரின் இயல்பான உரிமை என்றும், வழிபாட்டைக் கட்டாயப்படுத்துவது சமயத்தின் வேலை அன்று என்றும் எடுத்துரைத்தார். திருச்சபைக்கு அதிகாரம் கிடைத்த பிறகு இந்தக் குரல் தளர்ந்துபோனது. வற்புறுத்தலை முதலில் எதிர்த்த அகுஸ்தீனாரே, தொனாத்தியர் என்ற பிரிந்த சபையாருடன் நடந்த பிணக்கில் மனம் மாறி, விருந்து உவமையில் வரும் ‘வருந்தி அழைத்துக்கொண்டுவா’ என்ற வாசகத்தை அரச கட்டாயத்துக்கு ஆதாரமாக்கினார். அந்த ஒரு விளக்கத்துக்கு எத்தனை நூற்றாண்டுகள் விலை கொடுத்தன என்பதை வரலாறு அறியும். 1553இல் ஜெனீவாவில் திரித்துவக் கோட்பாட்டை மறுத்த மிகேல் செர்வெத்து எரிக்கப்பட்டபோது, ஒரு மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பதாகாது, அது மனிதனைக் கொல்வதே என்று எழுதிய செபாஸ்டியன் கஸ்தேலியோவும் வேத அறிஞர்தான்.

இந்த இழை அமெரிக்காவை அடைந்தது ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகரின் வழியாக. மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட அவர், 1636இல் நாரகான்செட் பழங்குடித் தலைவர்களிடம் நிலம் பெற்று பிராவிடன்ஸ் ஊரை நிறுவினார். அங்கே ஆட்சியாளரின் அதிகாரம் உலகியல் காரியங்களோடு நின்றது. வில்லியம்ஸ் சமயத்தில் அக்கறையற்றவர் அல்லர், தூய்மைவாதிகளிலும் (பியூரிட்டன்களிலும்) தூய்மைவாதி. வற்புறுத்தப்பட்ட ஆராதனை கடவுளுக்கு அருவருப்பானது என்பதுதான் அவர் வாதம். அரசின் வாளுக்கு எல்லை வகுத்தவர், கடவுளின் உரிமைக்கு அஞ்சியே அதைச் செய்தார்.

அதிகாரம் கெடுக்கும் இயல்புடையது, முற்றதிகாரம் முற்றாகக் கெடுக்கிறது என்ற ஆக்டன் பிரபுவின் புகழ்பெற்ற வாக்கியத்துக்கும் இத்தகைய பின்னணியே உண்டு. 1887இல் ஆங்கிலிக்கரான வரலாற்றாசிரியர் கிரெய்ட்டனுக்கு எழுதிய கடிதத்தில் அது வருகிறது. சீர்திருத்தக் காலத்துத் திருத்தந்தையரை கிரெய்ட்டன் மென்மையாக மதிப்பிட்டுவிட்டார் என்பதே கத்தோலிக்கரான ஆக்டனின் மனக்குறை. இன்று அரசியல்வாதிகளை ஏசுவதற்குப் பயன்படும் இவ்வாக்கியம் தம் சொந்தத் திருச்சபையை நோக்கி ஒரு விசுவாசி எழுதியது.

பண மதிப்பு விஷயத்திலும் ஒரு முன்னோடி உண்டு. ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்பின் செப்புக் காசு மதிப்பிழப்பை, மக்களின் ஒப்புதலின்றி விதிக்கப்பட்ட மறைமுக வரி என்று 1609இல் கண்டித்த இயேசு சபைத் துறவி ஹுவான் தெ மரியானா, அதற்காகச் சிறைவைக்கப்பட்டார். அமெரிக்க மத்திய வங்கிக்கு எதிராக ரான் பால் பேசியவற்றில் பாதிக்கு இத்துறவியே முன்னோர்.

கேள்வி: ‘என் உடலும் உழைப்பும் எனக்கே சொந்தம்’ என்பதே சுதந்திரவாதத்தின் அடித்தளம் என்று படித்தேன். கிறிஸ்தவர் இதைச் சொல்ல முடியுமா? – கல்லூரி மாணவர், திருச்சிராப்பள்ளி.

பதில்: முடியாது என்றே கருதுகிறேன், உண்மையான பிளவும் இங்கேதான் இருக்கிறது. ‘நீங்கள் உங்களுடையவர்களல்லவென்றும் அறியீர்களா? கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே’ என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது, தனக்குத் தானே உரிமையாளன் என்ற கருத்தை நேரடியாக மறுக்கிறது. ஆனால் இதிலிருந்து அரசு நம்மை விருப்பம்போல் ஆளலாம் என்ற முடிவு வருவதில்லை. இன்னொருவருடைய உடைமையில் கை வைக்கும் உரிமை அரசுக்கு எங்கிருந்து வரும்? அடிமை முறையை எதிர்த்த வில்லியம் லாயிட் கேரிசன் முதலியோர் அடிமை வணிகத்தை மனிதத் திருட்டு என்று யாத்திராகமத்தின் சொல்லாலேயே அழைத்தனர். 1838இல் கேரிசனும் நண்பர்களும் எந்த மனித அரசாங்கத்துக்கும் தாங்கள் விசுவாசம் செலுத்த முடியாது என்று அறிக்கை வெளியிட்டனர். அந்த அறிக்கையின் வேர் மலைப்பிரசங்கத்தில் இருந்தது.

வேறுபாடு புலப்படுவது பட்டினி வரும்போது. சொத்தைச் சம்பாதிக்கவும் நிர்வகிக்கவும் தனி உரிமை தகும், அதன் பயன் பொதுவானது என்று இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வகுத்தார். உயிர் போகும் நெருக்கடியில் பிறர் பொருளை எடுத்து உண்பவன் திருடனாகான் என்றும் எழுதினார். தனக்குத் தானே உரிமையாளன் என்பதை அடித்தளமாகக் கொள்பவர் இதை ஏற்க மிகவும் சிரமப்படுவார். பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது என்பவருக்கு ஏற்பது எளிது.

கேள்வி: கட்டாயத்தின் பேரில் கொடுப்பது தர்மம் ஆகாது அல்லவா? ஏழைகளைச் சபையே பார்த்துக்கொள்ளலாமே? – ஒரு சபை மூப்பர், தஞ்சாவூர்.

பதில்: கட்டாயத்தால் கொடுப்பது தர்மமாகாது என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ‘உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்’ என்பது பவுலின் வாக்கு. எல்லாவற்றையும் பொதுவில் வைத்திருந்த எருசலேம் சபையில்கூட, ‘அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?’ என்றுதான் அனனியாவைப் பேதுரு கேட்டார். விற்ற நிலத்தின் விலையில் ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்காக அல்ல, அதைக் குறித்துப் பொய் சொன்னதற்காகவே அவன் தண்டிக்கப்பட்டான். ஆயினும் வரியைத் தர்மமாகக் கருதி எவரும் விதிப்பதில்லை. ஏழைக்குச் சேரவேண்டியது ஈகையா, நீதியா என்பதே இங்கு கேள்வி. வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் கட்டளையாகவே இட்டது; நில உரிமையாளரின் உற்சாகத்துக்கு அதை விட்டுவிடவில்லை. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட சுற்றுமடலும் அப்படியே. தனிச்சொத்துரிமையைச் சோசலிசத்துக்கு எதிராக உறுதியாகக் காக்கும் அதே மடல், வேறு வழியின்றிக் குறைந்த கூலிக்கு இசையும் தொழிலாளி பலாத்காரத்துக்கும் அநீதிக்கும் பலியானவன் என்கிறது. இரு தரப்பும் கையெழுத்திட்டால் ஒப்பந்தம் நியாயமானதே என்ற சுதந்திரவாத வாதத்துக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பைக் காண்பது கடினம்.

சபையே பார்த்துக்கொள்ளும் என்று சொன்னது மட்டுமல்லாமல் செய்தும் காட்டிய ஒரு கூட்டத்தார் உண்டு. அமெரிக்காவில் உலகப் போக்கிலிருந்து விலகி எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்கள் வருமான வரியும் சொத்து வரியும் செலுத்துகிறார்கள். ஆனால் முதுமைக்கும் ஊனத்துக்குமான அரசுக் காப்பீட்டை மட்டும் மறுத்தார்கள். முதியோரையும் நோயுற்றோரையும் தாங்குவது சபையின் கடமை, அதை அரசிடம் ஒப்படைப்பது விசுவாசக் குறைவு என்பது அவர்கள் நிலை. 1961இல் பென்சில்வேனியாவில் இந்தக் கட்டணத்தைச் செலுத்த மறுத்த ஒரு விவசாயியின் உழவுக் குதிரைகளை வரித்துறையினர் பறிமுதல் செய்து ஏலத்தில் விற்றனர். நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, 1965இல் அமெரிக்க நாடாளுமன்றம் சுயதொழில் செய்யும் ஆமிஷ் மக்களுக்கு விலக்கு அளித்தது.

அந்த விலக்கின் நிபந்தனைகளை மூப்பர் அவர்கள் கவனிக்க வேண்டும். விலக்குப் பெறுபவர் தமக்குரிய பலன்களையும் துறக்க வேண்டும். அவருடைய சபை 1950ஆம் ஆண்டின் இறுதி முதல் தொடர்ந்து இருந்துவருவதாகவும், தன்னைச் சார்ந்தோரைத் தக்கபடி பராமரித்து வருவதாகவும் இருக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும், ஓர் ஆமிஷ் முதலாளி தம் ஊழியர்களுக்காகச் செலுத்த வேண்டிய கட்டணத்துக்கு விலக்குக் கேட்டபோது, 1982இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்துவிட்டது. தம் மனச்சாட்சியை அவர் பிறர் மீது சுமத்த முடியாது என்பது காரணங்களுள் ஒன்று. சபையே பார்த்துக்கொள்ளும் என்று பேசுகின்ற நம் சபைகளில் எத்தனை இந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் என்பதை மூப்பர்கள் கூட்டத்தில் ஒருமுறை வெளிப்படையாகப் பேசிப் பாருங்கள். கட்டட நிதிக்கும் நலிந்தோர் நிதிக்கும் உள்ள விகிதத்தைக் கணக்குப் புத்தகமே சொல்லும்.

கேள்வி: பாவத்தைச் சட்டத்தால் தடைசெய்யக் கூடாது என்கிறார்களே. போதைப்பொருளையும் விபசாரத்தையும் அனுமதிக்கலாமா? – இல்லத்தரசி, கோயம்புத்தூர்.

பதில்: மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்க முயலக் கூடாது, பெரும்பாலோரால் விலக்கக்கூடிய கடுமையான தீமைகளை, குறிப்பாகப் பிறரைக் கெடுப்பவற்றைத் தடுத்தால் போதும் என்பது அக்குவினாஸின் கருத்து. எனவே பாவம் வேறு, குற்றம் வேறு என்று சொல்வதற்குச் சுதந்திரவாதியாக இருக்க வேண்டியதில்லை. புராட்டஸ்டன்ட் சபைகள் முன்னின்று கொண்டுவந்த அமெரிக்க மதுவிலக்கு 1920இல் நடைமுறைக்கு வந்து 1933இல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் செழித்தது கள்ளச்சாராயமும் கும்பல் ஆட்சியும்தான். ஆனால் எது பிறரைக் கெடுக்கிறது என்பதில் இக்கொள்கையினரே ஒன்றுபடவில்லை. ரான் பால் போதைப்பொருள் தடைச் சட்டங்களை எதிர்த்தவர், கருக்கலைப்பையும் எதிர்த்தவர். அவரை வேட்பாளராக்கிய கட்சியோ கருக்கலைப்பில் அரசு தலையிடக் கூடாது என்ற வாசகத்தை நெடுங்காலம் வைத்திருந்து, 2022இல் ரீனோ மாநாட்டில்தான் நீக்கியது.

கேள்வி: நம் நாட்டில் இப்படிப்பட்ட கிறிஸ்தவ அரசியல்வாதி யாராவது இருந்தாரா? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சென்னை.

பதில்: முழுமையான சுதந்திரவாதி என்று எவரையும் சொல்ல இயலாது, நெருங்கி வருபவர் எம். ரத்தினசாமி. கத்தோலிக்கர், சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் தலைவராகவும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியில் சேர்ந்து மாநிலங்களவையில் பணியாற்றினார். தொழில் செய்ய எதற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்ற லைசென்ஸ், பெர்மிட் ஆட்சியையும் கூட்டுப் பண்ணைத் திட்டத்தையும் அக்கட்சி எதிர்த்தது. 1967 தேர்தலில் 44 மக்களவை இடங்களைப் பெற்ற அது 1974இல் பாரதிய லோக் தளத்தில் கலந்துவிட்டது. சொத்துடையவர் அதன் அறங்காவலரே என்ற காந்தியடிகளின் கருத்தைச் சுதந்திராக் கட்சி தன் கொள்கைகளில் ஏற்றிருந்தது. அமெரிக்க லிபர்டேரியன்கள் கையெழுத்திடத் தயங்கும் அந்தக் கருத்தில் ஒரு கத்தோலிக்கருக்குத் தயக்கம் இருந்திருக்க நியாயமில்லை.