வாசகர் கேள்வி–பதில்: டாக்டர் தரும் க்ரீமா, மெடிக்கல் ஷாப் க்ரீமா?

கேள்வி: பருவுக்காகத் தோல் டாக்டரிடம் போனேன். மருந்து எழுதியதோடு, கிளினிக்கிலேயே ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் மூன்றும் கொடுத்தார்கள். 2,600 ரூபாய் ஆகிவிட்டது. மெடிக்கலில் இதே மூன்றும் 900 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. மாற்றினால் பலன் குறையுமா?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: பருவுக்கு எழுதிய மருந்தில் கை வைக்காதீர்கள். அதன் பெயர், சதவீதம், இரவா பகலா என்பதெல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்தவை. மற்ற மூன்றையும் மாற்றலாம்.

ஃபேஸ்வாஷ் முகத்தில் இருப்பது அரை நிமிடம். பிறகு தண்ணீரோடு போய்விடுகிறது. அதற்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்புக் கட்டியைத் தவிருங்கள். தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கழுவினாலும் போகாத படலமாக முகத்தில் தங்கும். பரு மருந்தால் ஏற்கெனவே காய்ந்த தோலில் அது எரிச்சலைக் கூட்டும். சோப்பு சேராத க்ளென்சர் போதும்.

மாய்ஸ்சரைசரில் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அதிக அளவில் உள்ள பொருள் முதலிலும் குறைவானது பின்னாலும் வரும். முதல் ஐந்தாறு பெயர்கள் கிளினிக் க்ரீம், மெடிக்கல் க்ரீம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் (தண்ணீர், கிளிசரின், டைமெத்திகோன் போல) நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது டப்பாவுக்கும் வாசனைக்கும்தான். பரு உள்ளவர்கள் 'நான்-கொமடோஜெனிக்' (தோல் துளைகளை அடைக்காதது) என்று போட்டதை எடுக்கலாம்.

சன்ஸ்க்ரீனில் மட்டும் தரம் பாருங்கள். எஸ்பிஎஃப் (வெயிலில் தோல் சிவப்பதைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையக் கூடாது, பிஏ குறி (ஆழமாக இறங்கும் யுவிஏ கதிரைத் தடுக்கும் அளவு) மூன்று பிளஸ்ஸாவது இருக்க வேண்டும். எண்ணெய்ப் பசை உள்ள முகத்துக்கு ஜெல் வகை சரி.

'ப்ரொஃபஷனல்', 'டெர்மா', 'கிளினிக்கல்' என்ற சொற்களுக்குச் சட்டத்தில் தனி இடம் கிடையாது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி ஒரு க்ரீம் மருந்தாக இருக்கும், அல்லது அழகுசாதனமாக இருக்கும். அடுத்த முறை டாக்டரிடமே, "இதே பொருட்கள் உள்ளது வெளியே கிடைக்குமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

கேள்வி: கன்னத்தில் மங்கு. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ட்யூபை மெடிக்கலில் வாங்கி ஆறு மாதமாகப் போடுகிறேன். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது சிவந்து எரிகிறது, பொடிப்பொடியாகப் பரு, மேலுதட்டில் முடி. நிறுத்தினால் இரண்டே நாளில் இன்னும் மோசமாகிறது.
– ஒரு வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: ட்யூபின் பெயரை எழுதவில்லை என்றாலும், நீங்கள் சொல்வது ஸ்டீராய்டு கலந்த மங்கு க்ரீமின் அறிகுறிகளோடு பொருந்துகிறது. நம் ஊரில் அதிகம் புழங்கும் கலவையில் மூன்று மருந்துகள் இருக்கும்: ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மோமெட்டசோன் 0.1 சதவீதம். முதலாவது நிறமி உருவாவதைத் தடுக்கிறது, இரண்டாவது மேல்தோலைச் சீக்கிரம் உதிர்க்கிறது. மூன்றாவதுதான் ஸ்டீராய்டு. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி எரிச்சலை அடக்குவதால் முதல் சில வாரங்கள் முகம் வெளுத்துத் தெரியும்.

டாக்டர் மேற்பார்வையில் இதைச் சில வாரங்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், சிவப்பு நரம்புகள் வெளியே தெரியும், பருவும் முடியும் வரும். சுருங்கியே இருந்த ரத்தக் குழாய்கள் க்ரீமை விட்டதும் ஒரேயடியாக விரிகின்றன. அந்த எரிச்சலுக்குப் பயந்து திரும்ப அதையே போடுகிறோம். இதில் சிக்கியவர்கள் ஏராளம், உங்கள் மேல் தப்பில்லை.

இந்த வாரமே ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளி சீட்டு போட்டுத் தோல் பிரிவில் காட்டலாம், கட்டணம் இல்லை. வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பதா, டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்புக்கு மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார். அதுவரை வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்க்ரீன் மட்டும். ஃபேஷியல், ப்ளீச், ஸ்க்ரப், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். சரியாக மாதங்கள் ஆகலாம். நடுவில் ஒரு கட்டம் மோசமாகத் தெரியும், அதைக் கண்டு பழைய ட்யூபுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

மற்றவர்களும் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். ஆர்எக்ஸ் (Rx) குறியோ ஓரத்தில் சிவப்புக் கோடோ இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு மட்டும் தர வேண்டிய மருந்து. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளுக்கு இருந்த விலக்கை நீக்கி, 2018இல் அவற்றை எச் அட்டவணையில் (டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல்) கொண்டுவந்தார்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் ஆகிய பெயர்களை நினைவில் வையுங்கள். படர்தாமரைக்குக் கடையில் கேட்டால் தரும் 'எல்லாவற்றுக்கும் ஒரே களிம்பு'விலும் இவை இருக்கும். அரிப்பு அன்றே அடங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே பரவிக்கொண்டே போகும்.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட்டில் வேலை. இங்கே பாதி நாள் மேகம், குளிர். சன்ஸ்க்ரீன் தேவையா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: தேவை. குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். மேகம் வெப்பத்தைக் குறைக்கும், கதிரின் பெரும்பகுதி தப்பி வந்துவிடும்.

கடைச் சரக்கே போதும், அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கியது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளை. ஒரு நாளைக்கு இரண்டு முறை இந்த அளவில் போட்டால் 50 கிராம் ட்யூப் ஒரு மாதம் தாண்டாது. மூன்று மாதம் வந்தால், அட்டையில் எழுதிய பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்கவில்லை. வெயிலில் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்தால் அதற்கும் முன்னே. அகல விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் எந்த க்ரீமுக்கும் குறைந்தவையல்ல.

கேள்வி: மூன்று வாரத்தில் கல்யாணம். பார்லரில் 'மெடிக்கல் கிரேடு பீல்' செய்யலாம் என்கிறார்கள்.
– ஒரு வாசகி, சூரமங்கலம்

பதில்: பீல் என்பது அமிலம் பூசி மேல்தோலை உரிப்பது. இதுவரை செய்ததில்லை என்றால் இப்போது வேண்டாம். வீட்டுக்கு விற்கும் கிளைக்காலிக் அமிலம் பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள் இருக்கும். கிளினிக் பீலில் 20 முதல் 70 வரை போவார்கள், நேரம் பார்த்து அமிலத்தைச் சமன்படுத்தி நிறுத்த வேண்டும். ஒரு நிமிடம் தவறினாலும் நம் மாநிறத் தோலில் வெந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் நிற்கும். பழகிய மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீனோடு இருங்கள். மேக்கப் ஃபவுண்டேஷனை மட்டும் இன்றே வாங்கி, முழங்கை மடிப்பின் உட்புறம் ஒரே இடத்தில் தினம் இருவேளை ஏழு நாள் தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் வேறு வாங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.