நீல விளக்கு எரியவில்லையா? அதற்குக் கிட் தேவையில்லை

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. அறிவியலையும் ஓவியத்தையும் சேர்த்து ஒரு செயல்திட்டம் கேட்டிருக்கிறார்கள். விளக்கு எரியும் வாழ்த்து அட்டை செய்கிறாள். காசு மாதிரி இருக்கும் ஒரு வட்டப் பேட்டரியில் சிவப்பு எல்.இ.டி., நீல எல்.இ.டி. என்று இரண்டு குட்டி விளக்குகளையும் சேர்த்து ஒட்டினாள். சிவப்பு எரிகிறது, நீலம் எரியவில்லை. செயல்திட்டத்துக்கான பொருள்களைப் பெட்டியில் போட்டுப் பள்ளிகளுக்குக் கிட் என்று விற்கும் ஒருவர், “வீட்டில் செய்தால் ஷாக் அடிக்கும், எங்கள் கிட்டை வாங்கிவிடுங்கள்” என்கிறார். வீட்டில் இரண்டு வயதுப் பையனும் இருப்பதால் பயமாக இருக்கிறது. வாங்கிவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் மகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. சொல்லப்போனால், பாடப்புத்தகம் சொல்லித்தராத ஒன்றில் தானாகவே போய் முட்டியிருக்கிறாள்.

சிவப்பு எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும். நீலத்துக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். வட்டப் பேட்டரி கொடுப்பதே 3 வோல்ட்தான். ஒரு தண்ணீர்த் தொட்டியில் கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்துளை திறந்தே இருந்தால் தண்ணீர் மேல்துளை வரை ஏறவே ஏறாது. சிவப்பு விளக்குதான் அந்தக் கீழ்த்துளை. நம்பிக்கை இல்லையென்றால் சிவப்பைப் பிய்த்துவிட்டுப் பாருங்கள். பேட்டரி புதிதாக இருந்தால் நீலம் எரியும். (எரியாவிட்டால் எல்.இ.டி.யின் இரண்டு கம்பிக் கால்களையும் மாற்றிப் போட்டிருக்கிறாள். நீளமான கால்தான் பிளஸ்.)

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. 1962இலேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலத்துக்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீலம் அவ்வளவு பேரைப் பாடாய்ப் படுத்திய நிறம். “நீலம் ஏன் எரியவில்லை” என்று உங்கள் மகள் அட்டையோடு ஒரு பக்கம் எழுதி வைத்தால், அந்தப் பக்கம்தான் செயல்திட்டம். அட்டை வெறும் சாக்கு.

ஆனால் அந்தப் பக்கத்தை யாராவது படிப்பார்களா என்றால், எனக்குச் சந்தேகம்தான். கண்காட்சிகளில் நடுவராக நின்றிருக்கிறேன். கையில் கொடுக்கும் மதிப்பெண் தாளில் ‘தோற்றம்’ இருக்கும், ‘நேர்த்தி’ இருக்கும். ‘என்ன தப்பானது, எப்படிச் சரிசெய்தாய்’ என்று ஒரு கட்டம்கூட இருக்காது. ஒரு முறை வரிசையாக ஐந்து மேசைகளில் ஒரே அட்டை, ஒரே பூ, ஒரே இடத்தில் விளக்கு. ஒரு பையனிடம் “பேட்டரி எங்கேப்பா இருக்கு?” என்றேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அங்கிள்தான் வெச்சாரு” என்றான். அந்த அட்டைக்கும் பரிசு கிடைத்தது.

இதுதான் கிட்டின் கதை. கம்பிப் பாதையை அட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். பிள்ளை செய்ய வேண்டியதெல்லாம் ஸ்டிக்கரை உரித்து ஒட்டுவதுதான். பெட்டி பெரிதாக இருக்கும். உள்ளே நான்கு எல்.இ.டி., கம்பிக்குப் பதிலாக ஒட்டும் காப்பர் டேப் ஒரு சாண், பாலித்தீன் உறையில் கழன்று உருளும் ஒரு வட்டப் பேட்டரி. வண்ணத்தில் ஒரு சான்றிதழும் இருக்கும். பள்ளியே பரிந்துரைத்தது என்று சொன்னால், யாருக்கு என்ன பங்கு என்று கேட்கத் தயங்காதீர்கள். முழுதாகச் செய்தே கொடுத்துவிடுகிறேன் என்று வருபவர்கள் இன்னொரு ரகம். அவர்களோடு பேச்சே வேண்டாம்.

சரி, ஷாக். 3 வோல்ட் வட்டப் பேட்டரி யாருக்கும் ஷாக் கொடுக்காது. விரல் நடுவே அழுத்திப் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. எல்.இ.டி. அட்டையைப் பார்த்துப் பயப்படவே தேவையில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கிட்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் வீட்டில் அந்த விதிவிலக்குக்கு இரண்டு வயது.

குழந்தை அந்தப் பேட்டரியை விழுங்கிவிடக் கூடாது. சில்லறைக் காசு மாதிரி வயிற்றுக்குள் போய் வெளியே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டப் பேட்டரி சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அந்த ஈரத்தில் மின்சாரம் பாயும், தொட்ட இடத்தில் அமிலம் மாதிரியே அரிக்கும் காரப்பொருள் உண்டாகும், சதையை அரிக்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் ஆகிவிடலாம். முதலில் அழுகைகூட இருக்காது. கொஞ்சம் எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், சளி என்று நினைத்துவிடுவோம். விளக்கை எரிக்கத் தெம்பில்லாத பழைய பேட்டரியும் இதே வேலையைச் செய்யும். மூக்கில் திணித்துக்கொண்டாலும் அப்படித்தான். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மலத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். நேரே மருத்துவமனை. வாசலிலேயே “பேட்டரி” என்று சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது காசு மாதிரியே தெரியும் என்பதால் அந்த ஒரு வார்த்தை முக்கியம்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு வட்டப் பேட்டரியே வேண்டாம். சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ செல் மூன்றை மூடியுள்ள ஹோல்டரில் போடுங்கள். 4.5 வோல்ட் கிடைக்கும், நீலத்தின் பிரச்சினையும் தீர்ந்துவிடும். ஆனால் ஏஏ செல்லில் எல்.இ.டி.யை நேரடியாக மாட்டக் கூடாது, கருகிவிடும். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும். சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்று கோடு இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் அந்த எண்ணைச் சொன்னால் போதும். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே போட்டால் மறுபடி சிவப்பு எரியும், நீலம் உறங்கும்.

காப்பர் டேப்பை மூலையில் வெட்டி ஒட்டாமல் மடித்துத் திருப்பச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டினால் நடுவில் பசை வந்துவிடும். பல டேப்புகளில் பசை வழியாக மின்சாரம் சரியாகப் போகாது. விளக்கு மினுக்கினால் காலின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் எரிந்தால் அங்கேதான் ஒட்டவில்லை. பிளஸ் பக்க டேப்பும் மைனஸ் பக்க டேப்பும் ஒன்றையொன்று தொட்டால் செல் சூடாகும், உடனே கழற்றிவிட வேண்டும். அந்த ஆள் சொன்ன ஷாக் பொய், இந்தச் சூடுதான் நிஜம்.

ஓவியத்தை முதலில் வரையட்டும், கம்பிப் பாதை அப்புறம். தலைகீழாகச் செய்தால் விளக்கு இருக்கும் இடத்துக்குப் பூவை இழுக்க வேண்டிவரும்.

ஏற்கெனவே வாங்கிய அந்த வட்டப் பேட்டரியின் இரு பக்கமும் சாதாரண செல்லோ டேப் (காப்பர் டேப் அல்ல) சுற்றி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். அதுவரை பையனுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். அப்புறம், ரிமோட், எடைக்கருவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, எல்லாவற்றின் பின்மூடியும் இறுக்கமாக இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.