பலகையில் பெயர் கொடுங்கள்: சட்டக் கல்லூரி பற்றிய உங்கள் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சட்டக் கல்லூரிகளைப் பற்றியவை. காலமும் அப்படி. மூட் கோர்ட் என்ற மாதிரி நீதிமன்றப் போட்டி அணிக்கு ஆள் எடுப்பது, நவம்பர் 26 அரசியலமைப்பு நாள், டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி வரும் கிளாட் நுழைவுத் தேர்வு, அதே மாதத்தில் வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் தேசிய லோக் அதாலத் என்று கல்லூரி அறிவிப்புப் பலகையில் தாள் மேல் தாளாக ஒட்டியிருக்கும். முப்பது ஆண்டுகளாகக் கருப்புக் கோட்டு போடுகிறவள் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

என் மகள் அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. மூட் கோர்ட்டுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கிறது. தமிழ் வழியில் படித்தவள். 'அது இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கு அப்பா' என்று ஒதுங்கிவிட்டாள். நான் தையல் வேலை செய்கிறவன். வற்புறுத்தலாமா?
*ஒரு தந்தை, உளுந்தூர்பேட்டை*

கட்டாயம் வற்புறுத்துங்கள் அய்யா. இந்த இதழ் கைக்கு வந்த அன்றே சொல்லுங்கள், கடைசித் தேதி போய்விடப் போகிறது.

நானும் விருத்தாசலத்திலிருந்து போனவள்தான். அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதினார். சென்னையில் உயர்நீதிமன்றத்தை ஒட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தில்தான் அப்போது சட்டக் கல்லூரி இருந்தது. மூட் கோர்ட் அறிவிப்பை மூன்று ஆண்டும் நின்று படித்தேன், மூன்று ஆண்டும் பெயர் கொடுக்கவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. வாயைத் திறந்தால் சிரிப்பார்களோ என்ற பயம்தான் காரணம். பிறகு முதல் முறையாக ஒரு நீதிபதி முன் எழுந்து நின்றபோது, கையில் இருந்த வழக்குக் கட்டு ஆடியது எனக்கே கேட்டது. கல்லூரியில் ஆடி முடித்திருக்க வேண்டிய கை அது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது வேண்டாம்.

மூட் கோர்ட் என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது. கற்பனையான ஒரு வழக்கைக் கொடுப்பார்கள். பெரும்பாலும் மூன்று பேர் கொண்ட அணி: இருவர் பேசுவார்கள், ஒருவர் தீர்ப்புகளைத் தேடிக் கொடுப்பார். வாதி, பிரதிவாதி என்று இரண்டு பக்கத்துக்கும் எழுத்து வாதம் தயாரிக்க வேண்டும். அதை மெமோரியல் என்பார்கள். பிறகு நீதிபதி இருக்கையில் வக்கீல்களோ ஆசிரியர்களோ உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். பேச விடாமல் குறுக்கிடுவதுதான் அந்தப் பயிற்சியே. உங்கள் மகள் மேடைக்குத் தயங்கினால் முதல் ஆண்டு தேடிக் கொடுப்பவராகப் போகலாம். ஒரு வழக்குக்காக நூறு தீர்ப்பு புரட்டியவர் அடுத்த ஆண்டு தானாகவே பேசுவார்.

சிலமுறை நானும் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். மதிப்பெண் தாளில் உச்சரிப்புக்கு என்று தனி இடம் நான் பார்த்ததில்லை. வழக்கின் உண்மைகள் கைவசம் இருக்கின்றனவா, சட்டத்தைச் சரியாகப் பொருத்துகிறாரா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாரா, நேரத்தில் முடிக்கிறாரா என்றுதான் பார்ப்போம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன், கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல், 'இந்தக் கேள்விக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை, சட்டப் பிரிவின் வாசகத்தை வைத்துப் பதில் சொல்ல அனுமதி வேண்டும்' என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டான். அன்று அவனுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போட்டேன்.

அவளுக்கு ஒரு வழி சொல்கிறேன். வழக்கை முதலில் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் தைத்துக்கொண்டே கேளுங்கள். எங்கே உங்களுக்குப் புரியவில்லையோ அங்கே அவளுக்கும் புரியவில்லை என்று அர்த்தம். கதை தெளிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும், எழுதியதைச் சத்தமாகப் படிக்கட்டும். குற்ற வழக்காக இருந்தால் பிரிவு எண்ணில் கவனம் வேண்டும். கொலை என்றதும் 302 என்று நாக்கில் வரும். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றத்துக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு. அதற்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-தான். கற்பனை வழக்கில் தேதியை எங்காவது ஒரு வரியில் ஒளித்து வைத்திருப்பார்கள்.

இன்னொன்று. நாளைக்கு அவள் உளுந்தூர்பேட்டையிலோ விழுப்புரத்திலோ வழக்கு நடத்தினால் சாட்சியம், குறுக்கு விசாரணை எல்லாம் தமிழில்தான் நடக்கும். அங்கே அவளுடைய தமிழ் பெரிய பலம். ஆங்கிலம் உயர்நீதிமன்றத்துக்கு வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு இன்னும் மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கிறது.

கிளாட் எழுதாவிட்டால் சட்டம் படிக்க முடியாதா? மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பயிற்சி மையத்தில் கேட்கும் தொகை எங்களுக்குக் கட்டாது.
*ஒரு தாய், பெரம்பலூர்*

முடியும் அம்மா. இரண்டும் வேறு வேறு பாதை. கிளாட் என்பது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கானது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பல்கலைக்கழகம் திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது, 2013-இல் வகுப்புகள் தொடங்கின. தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான்: இரண்டு மணி நேரம், 120 கேள்வி, தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். கட்டணம் ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டும்.

நம் மாநில அரசு சட்டக் கல்லூரிகளும், சென்னையில் உள்ள டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே ஐந்தாண்டுப் படிப்புக்கு எடுக்கின்றன. நுழைவுத் தேர்வு இல்லை. வழக்கமாக பிளஸ் டூ முடிவு வரும் சமயத்தில், மே மாதத்தில் விண்ணப்பம் திறப்பார்கள். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு, சீர்மிகு சட்டப் பள்ளியில் அதைவிடக் கூடுதல். எனவே இப்போதைக்கு அவள் பிளஸ் டூ பாடத்தைப் படிக்கட்டும். சாதிச் சான்றிதழை மட்டும் இப்போதே எடுத்து வையுங்கள், மே மாதத்தில் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் கூட்டம் உங்களுக்கே தெரியும்.

வயது 47. அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தேன். மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு இனி விண்ணப்பிக்கலாமா?
*ஒரு ரேஷன் கடை ஊழியர், தேனி மாவட்டம்*

வயது தடையில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்தீர்களா என்பதுதான் முக்கியம். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியிருந்தால் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி ஏற்காது. வரிசை சரியாக இருந்தால் அஞ்சல் வழிப் பட்டம் குறையில்லை. ஆனால் இது முழுநேரப் படிப்பு, விதிப்படி 70 சதவீத வருகை வேண்டும். வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். மூன்றாண்டு வீட்டுச் செலவுக்கு வழி பார்த்துவிட்டு வாருங்கள் தம்பி.

எங்கள் ஊருக்குச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இலவச சட்ட உதவி முகாம் நடத்த வருகிறார்கள். என் கணவரும் மாமனாரும் இறந்துவிட்டார்கள். பட்டா மாமனார் பேரிலேயே இருக்கிறது, கொழுந்தனார் எனக்குப் பங்கில்லை என்கிறார். பிள்ளைகள் வயதில் இருப்பவர்களிடம் சொல்லி என்ன ஆகும்?
*ஒரு வாசகி, லால்குடி அருகில்*

நிறைய ஆகும், அவசியம் போங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். இருவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பட்டா நகல், வில்லங்கச் சான்றிதழ் இருந்தால் அதுவும். யார் முதலில் இறந்தார் என்ற தேதி மிக முக்கியம். ஆனால் மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால், எந்த வரிசையில் பார்த்தாலும் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. தந்தைக்கு முன்பே இறந்த மகனின் மனைவியையும் இந்து வாரிசுரிமைச் சட்டம் முதல் வகுப்பு வாரிசாகவே, அதாவது முதலில் பங்கு பெறுகிறவராகவே வைத்திருக்கிறது.

மாணவர்கள் கோர்ட்டில் உங்களுக்காக வாதாட முடியாது, அதற்கு வக்கீலாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டு, தாளில் வரிசைப்படுத்தி, மனு எழுதித் தருவார்கள். கூடவே ஆசிரியர் இருப்பார். அந்த மனுவோடு உங்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண் என்ற ஒரே காரணம் போதும், உங்கள் வருமானத்தைக் கேட்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். சட்ட உதவிக்கான 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். கொழுந்தனார் பேச்சுவார்த்தைக்கு இறங்கினால் டிசம்பர் லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். லோக் அதாலத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. உங்களுக்கு எத்தனை சென்ட், எந்தப் பக்கம், பாதை எது என்று எழுதியிருப்பதை வேறொருவரை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இறுதி ஆண்டு மாணவன். வக்கீலாகப் பதிவு செய்ய எவ்வளவு ஆகும்? படித்தவுடனே மாஜிஸ்திரேட் தேர்வு எழுதலாமா?
*ஒரு மாணவர், சேலம்*

2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அதற்கு மேல் வேறு பெயரில் வசூலிக்கக் கூடாது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். நான் பதிவு செய்வதற்கு அவர் சைக்கிளை விற்றார்.

இரண்டாவது கேள்விக்கு, உச்ச நீதிமன்றத்தின் 2025 மே 20 தீர்ப்பின்படி, மாஜிஸ்திரேட் ஆவதற்கும் வழியான உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும். தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து கணக்கு. எனவே பட்டம் வந்தவுடன் பதிவை முடியுங்கள், தள்ளிப்போட்டால் அத்தனை மாதம் வீண். சீனியரைத் தேடும்போது பெரிய ஆபீசாகப் பார்க்காதீர்கள். வாய்தா வாங்கவாவது உங்களைத் தினமும் எழுந்து நிற்க விடுகிறவர் நல்ல சீனியர்.

நவம்பர் 26 சொற்பொழிவுக்கு வெளியாட்கள் போகலாமா? நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேத்தியை அழைத்துப் போக ஆசை.
*ஒரு வாசகி, திருச்சி*

முந்தின நாள் கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். பேத்தியோடு வருகிறேன் என்று கேட்டு நான் அறிந்தவர்கள் யாரும் ஏமாந்து திரும்பியதில்லை. 1949-இல் அந்த நாளில்தான் அரசியல் நிர்ணய சபை அரசியலமைப்பை ஏற்றது. முகவுரையை எல்லோரும் எழுந்து நின்று வாசிப்பார்கள், அதற்குத் தாமதமாகாமல் போய்விடுங்கள். போகிற வழியில் பேத்திக்கு ஒரு செய்தி சொல்லுங்கள்: அந்தச் சபைக்கு அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன், துர்காபாய் என்று பெண்களும் போயிருந்தார்கள். 1946-இல் சபைக்குப் போனபோது தாட்சாயணிக்கு வயது முப்பத்தைந்து தாண்டவில்லை. சொற்பொழிவு முடிந்ததும் கேள்வி கேட்க நேரம் கொடுப்பார்கள். மைக்கை அவளிடம் கொடுங்கள்.