உவரி வலையில் வந்த பழுப்புப் பை

அண்ணாச்சி, உவரிக் கடற்கரையில் வலையோடு ஒரு பழுப்புப் பை ஏறியது, உள்ளே ஏதோ அசைகிறது என்றீர்களே, அது மூங்கில் சுறாவின் முட்டைப்பை. தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தாய் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டைதான் இடும்.

வெயிலுக்கு நேரே பிடித்தால் மஞ்சள் கருவும் நெளிகிற வாலும் தெரியும். உடனே கடல்தண்ணி வாளியில் நிழலில் வையுங்கள். நல்லதண்ணி ஆகவே ஆகாது. ஓரத்துக் கீறல் வழியாகத்தான் வளர்ந்த குஞ்சுக்குப் புதுத்தண்ணி போகும். மண் அடைத்திருந்தால் கடல்தண்ணியிலேயே அலசுங்கள். பாவம் என்று பையைக் கிழித்துவிட வேண்டாம், மஞ்சள் கரு தீராத குஞ்சு பிழைப்பது அரிது. பையில் உள்ள நார்களையும் பிய்க்காதீர்கள், பாரில், அதாவது கடலடிப் பாறையில், பை பற்றிக்கொள்வது அவற்றை வைத்துத்தான். வலை விட்ட பாரிலேயே அன்றைக்கே இறக்குங்கள். கரையோரம் எறிந்தால் அலை திரும்ப ஒதுக்கிவிடும்.