முதல் பட்டதாரி சலுகையும் புதுமைப்பெண் தொகையும் சேர்ந்தே கிடைக்குமா?

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். பொறியியல் சேர ஆசைப்படுகிறாள். மூத்தவன் டிப்ளமோ முடித்திருக்கிறான். அவளுக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டா? புதுமைப்பெண் பணம் வாங்கினால் அந்தச் சலுகை போய்விடுமா?"

போகாது அம்மா, இரண்டையும் சேர்த்தே வாங்கலாம். முதல் பட்டதாரி சலுகை என்பது குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப்போகும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தைக் குறைப்பது; புதுமைப்பெண் என்பது கல்லூரி மாணவிகளுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை.

மகன் படித்தது டிப்ளமோ, அது பட்டம் ஆகாது, அதனால் தடையில்லை. ஆனால் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் மட்டுமில்லாமல், இரு பக்கத் தாத்தா பாட்டியில் யாராவது பட்டம் வாங்கியிருந்தாலும் முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைக்காது. சாதி, வருமானம் எதுவும் இதற்குத் தடையில்லை. வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இந்தச் சலுகை என்பதையும் மனதில் வையுங்கள்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அரசு நடத்தும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் இந்தச் சலுகை. ரிசல்ட் வந்ததுமே சில தனியார் கல்லூரிகளிலிருந்து போன் செய்து, "கவுன்சிலிங்கெல்லாம் எதற்கு, இன்றே சீட் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார்கள். அந்த அவசரத்துக்கு இணங்கி கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால், சான்றிதழ் கையில் இருந்தும் பயனில்லை. தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணம் குறையும், நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பேருந்து, விடுதிக் கட்டணம் இதில் சேராது, அதை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மாணவியும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழி கேட்பார்கள். ஆதாரில் 'செல்வி', மதிப்பெண் பட்டியலில் 'எஸ். செல்வி' என்று இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அதனால் கலந்தாய்வுப் பதிவு தொடங்கும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.

புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவிகளுக்காக வந்தது. 2024 டிசம்பரில், உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. உங்கள் மகளுக்குப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரியில் சேர்ந்த பிறகு, அங்குள்ள பொறுப்பு ஆசிரியர் மூலம் பதிவு செய்ய வேண்டும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்துவிட்டாலே போதும் என்று நினைக்காதீர்கள். அரசுப் பணம் வர, கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், கடைசியாக எதில் இணைத்தீர்களோ அதற்குத்தான் போகும். பணம் வரவில்லை என்று அலைபவர்களில் சிலருக்கு அது பழைய கணக்கில் கிடக்கும்.

அப்புறம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் கட்டணம் முழுவதையும் அரசே கட்டும். ஆனால் உதவி பெறும் பள்ளி அதில் வராது. இதே பாடத்தை, இதே ஏழ்மையில் படித்த பிள்ளைக்கு அது இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். விண்ணப்பத்தில் அரசுப் பள்ளி என்று தவறாகக் குறித்துவிடாதீர்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கலாகிவிடும்.