உங்கள் எடையால் குழந்தையின் அறிவு குறையுமா? கடலூர் சகோதரிக்கு

சகோதரி, 29 வாரத்தில் பிறந்த மகன் 9 மாதமாகியும் உட்காரவில்லை, கர்ப்பத்துக்கு முன் நீங்கள் 92 கிலோ இருந்ததே காரணம் என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் வயதைத் திருத்திக் கணக்கிடுங்கள். அவன் 11 வாரம் முந்திப் பிறந்தவன். ஆகவே வளர்ச்சியைப் பொறுத்தவரை அவனுக்கு இப்போது ஆறரை மாதம்தான். அந்த வயதில் பிடிமானமின்றி உட்காராத குழந்தைகள் ஏராளம். இரண்டு வயதுவரை இந்தக் கணக்கையே வையுங்கள்.

மிகக் குறைமாதக் குழந்தைகளில், தாயின் உடல் பருமனுக்கும் பிற்கால அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுவது உண்மை. ஆனால் அது பல குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்த சராசரி. உங்கள் மகனின் தலையெழுத்து அல்ல. தாயின் கல்வி, வருமானம், மூளை இரத்தக்கசிவு, கிருமித்தொற்று எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. மாமியாரின் தீர்ப்பைத் தயவுசெய்து மனதில் ஏற்றாதீர்கள்!

கைகால் விறைப்பாகவோ துவண்டோ இருந்தாலும், ஒரு கையை மட்டுமே நீட்டினாலும் காத்திருக்க வேண்டாம். மற்றபடியும் புதுச்சேரி ஜிப்மரிலோ குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறியும் அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திலோ வளர்ச்சிப் பரிசோதனை செய்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் அட்டையுடன், கண் விழித்திரை, செவித்திறன் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.